நல அலுவலராக யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் மாநகராட்சியில் மாநகர நல அலுவலர் பணியிடம் 7 மாதங்களாகக் காலியாக இருக்கிறது. பக்கத்து நகராட்சியின் அலுவலர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார். வாரத்தில் 2 நாள் வந்து கோப்புகளில் கையெழுத்திட்டுப் போகிறார். நான் முதன்முறையாக மாமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவள். பொது சுகாதாரக் குழுவில் இருக்கிறேன். பணியமர்த்துவது அரசுதான் என்றாலும், யார் வந்தால் நல்லது என்று கருத்துரு அனுப்ப ஆணையர் நினைக்கிறார். இரண்டு மருத்துவர்களின் பெயர்கள் பேச்சில் உள்ளன. இருவருமே பொது சுகாதாரப் பட்டயம் முடித்தவர்கள். முதலாமவர் பெரிய மருத்துவமனைகளில் இருந்துவிட்டு இப்போது தலைமையிடத்தில் பணியாற்றுபவர். தொலைக்காட்சியில் பேசுபவர், ஊரறிந்தவர். இரண்டாமவர் 14 ஆண்டுகள் வட்டார மருத்துவ அலுவலராக இருந்த பெண். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். "ராத்திரியில் ஒரு தெருவில் வாந்திபேதி என்றால் ஒரு பெண் எப்படிப் போய் நிற்பார்?" என்கிறார் எங்கள் குழுவில் ஒருவர். அடுத்த வாரம் இருவரையும் ஆணையர் அழைத்துப் பேசுகிறார், நானும் உடனிருப்பேன். எனக்கு மருத்துவம் தெரியாது. எதைப் பார்த்து, எதைக் கேட்டு என் கருத்தைச் சொல்வது?

— பெயர் வெளியிட விரும்பாத மாமன்ற உறுப்பினர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு மருத்துவம் தெரியாது என்பது இந்தத் தேர்வில் ஒரு குறையே அல்ல. உங்கள் வார்டில் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வருகிறது, எந்த வீட்டில் யார் காய்ச்சலாகக் கிடக்கிறார்கள், எந்தச் சாக்கடை மூடி எத்தனை நாளாக உடைந்து கிடக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நல அலுவலரிடம் எதிர்பார்க்க வேண்டியதும் ஏறக்குறைய அதே அறிவுதான். அவருக்கு அது நகரம் முழுமைக்கும் இருக்க வேண்டும். அதை நோயின் போக்கோடு பொருத்திப் பார்க்கும் பயிற்சியும் இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் நோயாளி மருத்துவரைத் தேடி வருவார். நோய்த்தடுப்பில் யாரும் தேடி வரமாட்டார்கள். இன்னும் நோயாளி ஆகாதவர்களின் வீட்டுக்கு நாம்தான் போக வேண்டும், பல நேரங்களில் அவர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டும் வேறு வேறு வேலைகள் என்பதை நம் மாநிலம் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. சென்னை மாகாணத்தில் 1922-லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் ஏற்பட்டது. 1939-ல் இயற்றப்பட்ட பொது சுகாதாரச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உள்ளாட்சிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம், குடிக்கத் தகாத நீரைப் பயன்படுத்தாமல் தடுக்கவும், தொற்று பரவும் இடத்துக்குள் சென்று பார்க்கவும், கிருமி நீக்கம் செய்விக்கவும் அவருக்கு அதிகாரம் தருகிறது. அப்படிப்பட்ட பணியிடத்தை 7 மாதமாகக் கூடுதல் பொறுப்பில் ஓட்டுகிறார்கள் என்று படித்தபோது மனம் மிகவும் சங்கடப்பட்டது. கையெழுத்துக்கு வாரம் 2 நாள் போதும். நோய்க்குப் போதாது.

ஏன் போதாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இதிலிருந்துதான் பிறக்கிறது. இந்த வேலையில் எல்லாமே நாள்கணக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வீட்டுத் தொட்டிகளை வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்கிறோம், அந்தச் சுற்று ஒரு வாரம் தவறினால் அடுத்த தலைமுறைக் கொசு பறந்துவிடும். காலராக் கிருமி உடலுக்குள் போன சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் நோயாக வெளிப்படும். மஞ்சள் காமாலையின் கணக்கோ வேறு: ஏ வகைக் கிருமி குடிநீர் வழியே உடலில் புகுந்து, கண் மஞ்சளாகச் சுமார் 4 வாரம் ஆகும். இன்று ஒரு சந்தில் 3 பேருக்குக் காமாலை தெரிகிறதென்றால் சாக்கடை நீர் குழாயில் கலந்தது போன மாதம். அதே தண்ணீரைக் குடித்த மற்றவர்கள், தமக்குள் நோய் வளர்வது தெரியாமல் பள்ளிக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். கலப்பு நிற்காமல் இருந்தால் இன்று காலையிலும் அந்தத் தண்ணீரைப் பிடித்திருப்பார்கள்.

ஆகவே முதல் தகவல் தலைமை அலுவலரின் காதுக்கு எந்த நாளில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் அமைகிறது. அந்தத் தகவலைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் துறையின் கடைசிப் படியில் இருப்பவர்கள்: வீடு வீடாகத் தொட்டியைத் திறந்து கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கும் டி.பி.சி. பணியாளர், நகர்ப்புற சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர். அவர்கள் எவரிடம் அஞ்சாமல் வந்து கெட்ட செய்தியைச் சொல்வார்களோ அவரையே கேட்டு எழுதுங்கள். பட்டம், பேச்சு, பெயர் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 31 ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். பணியில் சேர்ந்த 6ஆம் ஆண்டு, ஒரு நகரத்தின் நோய்த்தடுப்புப் பணி என் பொறுப்பில் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை மாலை சுகாதார ஆய்வாளர் ஒருவர் கையில் ஒரு சின்ன நோட்டோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஒரே சந்தில் 3 வீட்டில் காமாலை என்றார். அன்று காலையில்தான் ஆய்வுக் கூட்டம் ஒன்றில், எண்ணிக்கை கூடியதற்காக எல்லார் முன்னிலையிலும் நான் திட்டு வாங்கியிருந்தேன். "ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும், அதுவரை எதையும் எழுதாதீர்கள்" என்று அவரிடம் எரிந்து விழுந்தேன். அவர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் 9 நாள் அவர் என்னிடம் எதுவும் சொல்ல வரவில்லை. 10ஆம் நாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தது. ஓடிப் போய் அந்தச் சந்தின் முனையில் இருந்த வால்வு குழியைத் திறந்தோம். கரேலென்று சாக்கடை நீர் விளிம்புவரை நின்றது. குடிநீர்க் குழாயின் இணைப்பு அதற்குள் மூழ்கிக் கிடந்தது. அந்தச் சந்தில் ஒரு கர்ப்பிணி இருந்தார். ஏ வகையைப் போலவே குடிநீர் வழியே பரவும் ஈ வகைக் காமாலை கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி 3 மாதங்களில், எவ்வளவு கொடியது என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். குழந்தை பிழைக்கவில்லை. அந்த ஆய்வாளரிடம் பின்னாளில் நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை.

சந்திப்பில் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். "நீங்கள் நின்று கையாண்ட ஒரு நோய்ப்பரவலைச் சொல்லுங்கள், அது முதன்முதலில் உங்களுக்கு எப்படித் தெரியவந்தது?" கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் இருங்கள். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, நாளிதழில் செய்தி பார்த்தோம் என்று தொடங்கி உடனே எத்தனை முகாம் நடத்தினோம் என்ற கணக்குக்குப் போய்விடுபவர்கள் உண்டு. எங்கள் செவிலியர் ஒருவர் சொன்னார், மருந்துக் கடைக்காரர் இரண்டு நாளாக ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அதிகம் போகிறது என்றார், அங்கன்வாடியில் பிள்ளைகள் வரவில்லை என்று காதில் விழுந்தது என்று தொடங்குபவர்களும் உண்டு. எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, அதற்கப்புறம் இன்ன மாற்றம் செய்தேன் என்று தாமாகவே ஒப்புக்கொள்பவரைக் கண்டால் அந்தப் பெயரின் பக்கத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். எல்லாம்தான் கணினியில் ஏறுகிறதே என்று யாராவது சொல்லக்கூடும். நோய்க் கண்காணிப்புக்கென்று 2004-லிருந்தே தேசிய அளவில் ஒருங்கிணைந்த திட்டம் இருக்கிறது, இப்போது தகவல்களை உடனுக்குடன் இணையவழியே ஏற்றவும் முடிகிறது, உண்மைதான். ஆனால் கீழே எழுதப்படுவதுதான் மேலே ஏறும். "எழுதாதீர்கள்" என்று என்னைப் போல ஒருவர் சொல்லிவிட்டால் திரையில் பூஜ்யம்தான் தெரியும்.

ஆணையர் சம்மதித்தால் இன்னொன்றும் செய்யுங்கள். பேச்சை அலுவலக அறையோடு முடித்துக்கொள்ளாமல், தண்ணீர் விடும் நேரத்தில் உங்கள் வார்டின் கடைக்கோடிக் குழாய்க்கு இருவரையும் தனித்தனியே அழைத்துப் போங்கள். குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப் உங்கள் சுகாதார ஆய்வாளரிடம் இருக்கும்: சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், அந்த நிறத்தை அட்டவணையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லலாம். கடைசி வீட்டுக் குழாயிலும் குறைந்தது 0.2 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், குளோரின் இருக்க வேண்டும். நிறமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். "தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கூட்டிப் போடச் சொல்கிறேன்" என்பது பாதி பதில்தான். வேலை தெரிந்தவர் அடுத்த கேள்விக்குப் போவார்: மேல்நிலைத் தொட்டியில் அளவு எவ்வளவு, நடுத்தெருவில் எவ்வளவு, எந்த இரண்டு குழாய்களுக்கு இடையில் குளோரின் காணாமல் போகிறது? காணாமல் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் அழுக்கு உள்ளே புகுந்துகொண்டிருக்கும். அங்கேயிருந்து அவர் வால்வு குழியைத் தேடிப் போவார். இன்னும் தேர்ந்தவராக இருந்தால் பிளீச்சிங் பவுடர் மூட்டை எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்பார். புதிதாக இருக்கையில் அதில் 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். ஈரம் படும் அறையில் வாய் திறந்து கிடந்தால் நாளுக்கு நாள் வீரியம் போய், அளவு தப்பாமல் போட்டாலும் வெறும் சுண்ணாம்பைக் கரைத்ததுபோல ஆகிவிடும். அந்த மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிற நல அலுவலர் உங்களுக்குக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

டெங்கு பற்றிய கேள்வியை மட்டும் நீங்களே, மாமன்ற உறுப்பினர் என்ற முறையில் கேளுங்கள். "என் வார்டில் காய்ச்சல் கூடுகிறது, மக்கள் கேட்கிறார்கள், உடனே புகை மருந்து அடியுங்கள் என்று நான் சொன்னால் என்ன செய்வீர்கள்?" புகை, பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். ஏடிஸ் கொசுவோ வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒதுங்கியிருக்கும். புகை வண்டி தெருவில் போகும். கொசுப்புழு இருப்பது குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தட்டில், மாடியில் கிடக்கும் டயரில், அரைக்காமல் போட்டுவைத்த ஆட்டுக்கல்லில். காய்ந்த தொட்டியின் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். நோயாளி உள்ள வீட்டிலும் அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே புகை அடிப்பதற்குப் பயன் உண்டு. அதையும் புழு ஒழிப்போடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும். இதை உங்கள் முகத்துக்கு நேராக, மரியாதை குறையாமல், "அம்மா, புகை மட்டும் அடித்தால் உங்கள் வார்டுக்குப் பயன் இல்லை, என்னோடு 10 வீட்டுக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்று யார் சொல்கிறார் என்று பாருங்கள். உங்களிடம் மறுத்துச் சொல்லத் தயங்குபவர் ஆணையரிடமும் மறுத்துச் சொல்லமாட்டார்.

இருவரும் முன்பு பணிபுரிந்த இடங்களில் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களிடம் பேச வழி செய்யுங்கள். அவர்களிடம் நல்லவரா, கெட்டவரா என்று கேட்டால் எல்லாரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். "நீங்கள் ஒரு கெட்ட செய்தியோடு அவரிடம் போனதுண்டா, அப்போது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். சற்று யோசித்துவிட்டு ஒரு குறிப்பிட்ட நாளை, ஒரு குறிப்பிட்ட தெருவைச் சொன்னால் அது நம்பத்தக்க பதில்.

தொலைக்காட்சியில் பேசுகிறவர் என்பதற்காக முதலாமவரைத் தள்ளிவிட வேண்டாம். ஊர் பயந்து கிடக்கும்போது, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்பதை மக்கள் நம்பும்படி சொல்லத் தெரிவது பெரிய தகுதி. அந்த ஒரு செய்தியை ஒரு பூக்காரம்மாவிடம் 2 நிமிடத்தில் சொல்லச் சொல்லி இருவரையும் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் பேசாத இரண்டாமவர் தெருவில் நன்றாகப் பேசக்கூடும், முதலாமவரும் உங்களை வியக்கவைக்கக்கூடும். ஆனால் ஊரறிந்த பெயரை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். இந்த வேலையைச் சரியாகச் செய்தவர்களின் பெயர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையைச் சிதைத்தபோது, இனி காலராதான் வரும் என்று எல்லாரும் அஞ்சினார்கள். பல மாவட்டங்களிலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் போய், முகாம் முகாமாகத் தண்ணீரில் குளோரின் கலந்து, கழிவிடங்களில் பிளீச்சிங் பவுடர் தூவி, தினமும் வாந்திபேதிக் கணக்கு எடுத்தார்கள். பெரும் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. வராத நோய்க்கு யாரும் மாலை போடவில்லை.

பெண் என்பதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நம் ஊர்களில் நோய்த்தடுப்புக்காகப் படியேறி இறங்குபவர்களில் பெரும்பகுதி பெண்கள்தாம். 14 ஆண்டுகள் வட்டாரத்தில் இருந்தவர் எத்தனை இரவுகள் எந்தெந்தக் கிராமங்களில் நின்றிருக்கிறார் என்று உங்கள் குழு உறுப்பினரே அவரிடம் நேரில் கேட்கட்டும். இரவில் கிளம்ப வண்டியும் ஓட்டுநரும் உண்டா என்பதைத்தான் மாநகராட்சி கவனிக்க வேண்டும். ஆண் வந்தாலும் அது வேண்டும்.

ஒரே ஒருவர் மாறினால் என்ன ஆகிவிடப்போகிறது என்றும் சிலர் கேட்பார்கள். சூரத்தைச் சொல்லுங்கள். 1994 செப்டம்பரில் பிளேக் என்ற சொல் கேட்டு அந்த நகரத்தைவிட்டு லட்சக்கணக்கானோர் ஓடினார்கள். மறு ஆண்டு எஸ்.ஆர். ராவ் மாநகராட்சி ஆணையராக வந்தார். அவர் மருத்துவர் அல்லர், ஆட்சிப்பணி அதிகாரி. அதிகாரிகள் குளிர்சாதன அறையை விட்டு அன்றாடம் தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று வைத்தார். குப்பையும் சாக்கடையும் நோய்க்கணக்கும் நாள்தோறும் ஒரே இடத்தில் பேசப்பட்டன. பெரும்பாலும் இருந்த ஊழியர்களைக் கொண்டே, இரண்டே ஆண்டுகளில் நாட்டின் தூய்மையான நகரங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. அங்கே வேலை நடந்ததற்கு, அவருடைய உறுதியோடு, கையில் இருந்த அதிகாரமும் காரணம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் நல்லவரைக் கொண்டுவந்து கையைக் கட்டிப்போடுவது நம்மிடம் அதிகம் நடக்கிறது. பல மாநகராட்சிகளில் நல அலுவலரின் நாள் முழுவதையும் குப்பை வண்டி, தூய்மைப் பணி ஒப்பந்தம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், வணிக உரிமம் ஆகியவையே தின்றுவிடுகின்றன. நோயைப் பார்க்க மாலை 6 மணிக்கு மேல்தான் நேரம். குப்பை நிர்வாகத்தின் அன்றாடச் சுமையைத் தாங்க அவருக்குக் கீழே பொறுப்பான ஒருவரை அமர்த்த முடியுமா என்று கருத்துருவை எழுதும்போதே ஆணையரிடம் பேசுங்கள். குடிநீர்க் குழாய் பொறியியல் பிரிவின் கையில் இருக்கிறது. ஆகவே வாரம் ஒரு நாள் பொறியாளரும் நல அலுவலரும் ஒரே வரைபடத்தின் முன் உட்கார்ந்து, குழாய் உடைப்புகளையும் வாந்திபேதி வந்த வீடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று குழுவில் தீர்மானம் போடலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

நீங்களும் உங்கள் குழுவும் கொடுக்க வேண்டிய வாக்குறுதி ஒன்று உண்டு, அதை அவரை அழைக்கும் முன்பே உங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள். தேடிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றால் முதல் சில மாதங்களில் டெங்குவும் காமாலையும் எண்ணிக்கையில் கூடும். இதுவரை எழுதப்படாதவை எழுதப்படுவதால் அப்படி ஆகும். அன்றைக்கு மாமன்றத்தில் யாராவது எழுந்து, இவர் வந்த பிறகுதான் நோய் வந்தது என்று பேசினால், நீங்கள் எழுந்து பதில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை கூடியதற்காக அவரைத் திட்டினால் அவர் ஆய்வாளரைத் திட்டுவார், ஆய்வாளர் நோட்டை மூடிவிடுவார். அது எங்கே போய் முடியும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் என் மனம் இரண்டாமவர் பக்கம் சாய்கிறது. 14 ஆண்டு வட்டாரத்தில் இருந்தவருக்குச் செவிலியர்களோடும் ஆய்வாளர்களோடும் பழகிய பழக்கம் இருக்கும். ஆனால் நான் அவரைப் பார்த்ததில்லை. கீழே உள்ளவர்களை நடுங்கவைக்கும் வட்டார அலுவலர்களையும் என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். கடைக்கோடிக் குழாயில் அவர் எப்படி நின்றார், அவருக்குக் கீழே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். யாராக இருந்தாலும் கருத்துரு செப்டம்பருக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். வருகிறவருக்கு அதற்கு முன்னால் உங்கள் ஊரின் வால்வு குழிகளை ஒருமுறையாவது திறந்து பார்க்க நாள் வேண்டும்.